டிஜிட்டல் ஓகனும் சுண்ணக்கல் சுவரும்

கோயிலுக்குப் புது டிஜிட்டல் ஓகன் வந்து இறங்கியதும் எல்லாரும் சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதை விட்டுவிட்டு மெனுவில் ‘ரிவேர்ப்’ என்று இருப்பதைத் தேடுங்கள். குறைக்கத்தான்.

கட்டையில் இருந்து விரலை எடுத்த பிறகும் மண்டபத்துக்குள் சுழன்று மெல்ல அடங்கும் ஒலிதான் ரிவேர்ப். கம்பளம் விரித்து, மெத்தை இருக்கை போட்ட ஆலயத்தில் ஓசை உடனே அடங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்க்கவே கருவிக்குள் செயற்கை ரிவேர்ப் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய கோயில்களில் அந்தக் குறை இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தை அமெரிக்க மிஷனரிமார் 1816க்குப் பின் திருத்தி எடுத்த வட்டுக்கோட்டை ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். தடித்த சுவர், உயர்ந்த கூரை; இவற்றோடு சீமெந்துத் தரையும் மர வாங்கும் சேர்ந்தால் எதிரொலி தானாகவே கிடைத்துவிடும். அதன்மேல் கருவியின் ரிவேர்ப்பையும் ஏற்றினால் பாட்டின் சொல் கரைந்துபோகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளில் சொற்கள் நெருங்கி ஓடும். லகரமும் ழகரமும் பிரித்துக் கேட்காவிட்டால் சபை மூன்றாம் அடியிலேயே தடுமாறும்.

ஆகவே ரிவேர்ப்பை முற்றாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். இன்னொருவரை வாசிக்கவிட்டு நீங்கள் பின் வாங்கில் போய் இருங்கள்; ஓகன் முன்னால் இருப்பவருக்குக் கேட்பதும் சபைக்குக் கேட்பதும் ஒன்றல்ல. அதையும் வெறும் கோயிலில் முடிவு செய்யக் கூடாது. ஹார்வார்டில் 1890களில் வாலஸ் சபைன் என்ற பௌதிகவியலாளர் இரவு இரவாக மெத்தைகளைச் சுமந்துவந்து ஒரு மண்டபத்தில் அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட ஓசை சீக்கிரம் அடங்கியது. மனித உடலும் உடையும் அப்படித்தான் ஒலியை உறிஞ்சும். சனிக்கிழமை ஒத்திகையில் முழங்கிய கோயில் ஞாயிறு ஆராதனையில் அடங்கிப்போவது இதனால்தான். இன்னொன்று: சபைன் தன் அளவுக்கு அலகாக எடுத்தது திறந்த யன்னலை, வெளியே போன ஒலி திரும்பி வராது. மார்கழி மழைக்கு யன்னல்களைச் சாத்தினால் அதே கோயில் கூடுதலாக முழங்கும். எனவே நத்தாருக்கு ஓர் அமைப்பு, சித்திரை வெயிலுக்கு வேறு அமைப்பு என வைத்துக்கொள்வது வீண் ஆடம்பரம் அல்ல.

அடுத்தது, ஓகனின் ஒலிகளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டொப்களின் அளவு. அவற்றின்மேல் உள்ள 16, 8, 4, 2 என்ற எண்கள், பழைய குழாய் ஓகனில் மிகத் தாழ்ந்த சுரத்துக்குரிய குழாயின் நீளத்தை அடியில் சொல்பவை. 8 எழுதியபடியே ஒலிக்கும். 16 ஒரு ஸ்தாயி கீழே, 4 ஒரு ஸ்தாயி மேலே. கல் மண்டபத்தில் தொல்லை தருவது 16தான். தாழ்ந்த ஒலி மூலைகளில் திரண்டு உறுமும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள், பிறகு அந்த ஸ்டொப்பை மட்டும் குறையுங்கள். முழு ஓகனின் சத்தத்தையும் குறைத்தால் மெட்டும் சேர்ந்து அமுங்கிவிடும்.

‘டெம்பரமென்ட்’ என்ற பகுதியில் வேர்க்மைஸ்டர், கிர்ன்பேர்கர் என்று பழைய சுருதி முறைகள் இருக்கும். பாஹ் வாசிப்பவருக்கு அவை விருந்து. கீபோர்ட்டும் ஆர்மோனியமும் கூடவே ஒலிக்கும் ஆராதனைக்குச் சம சுருதியே போதும். ‘டிரான்ஸ்போசர்’ பயனுள்ளது, சபைக்கு எட்டாத பாட்டை ஓரிரு அரைச்சுரம் இறக்கலாம். பாட்டு முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையேல் அடுத்த பாட்டில் வயலின்காரர் பாவம்.

எதையும் மாற்றும் முன் தொழிற்சாலை அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாற்றிய பின் மெமரியில் சேமித்து, அந்த இலக்கத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். சேமிக்காத அமைப்பு கரண்ட் போனால் போய்விடும்.