கணக்கில் வரவு கண்ட பிறகே மூட்டையை ஏற்ற வேண்டும்

களத்தில் நிலக்கடலை மூட்டைகளை எடை போட்டாகிவிட்டது. வண்டியும் தயாராக நிற்கிறது. வியாபாரி தம் கைபேசியைக் காட்டி, "ரூ. 38,000 அனுப்பியாயிற்று, பாருங்கள்" என்கிறார். திரையில் பச்சை நிறத்தில் 'சரி' குறி தெரிகிறது. இந்த இடத்தில் விவசாயி சற்றுப் பொறுப்பது நல்லது. அந்தக் குறியை மட்டும் நம்பி மூட்டையை ஏற்றிவிட்டு, பிறகு பணத்துக்கு அலைய நேரலாம்.

செய்தி போகும் வழி

2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில் பணம் நோட்டாகப் போவதில்லை, செய்தியாகப் போகிறது. வியாபாரி தம் ரகசிய எண்ணைப் பதிந்ததும், இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகத்தின் கணினிக்குத் தகவல் செல்கிறது. அங்கிருந்து வியாபாரியின் பாங்குக்குச் செய்தி போய், அவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. பிறகு விவசாயியின் பாங்குக்குச் செய்தி போய், அவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பெரும்பாலும் சில வினாடிகளில் இத்தனையும் முடிந்துவிடும். இடையில் தொடர்பு அறுந்தால், பற்று எழுதப்பட்டு வரவு வைக்கப்படாமல் நிற்பதும் உண்டு. பணம் அனுப்பியது போலப் பொய்யாகப் படம் காட்டும் போலிச் செயலிகளும் இருக்கின்றன. எனவே பணம் வந்ததற்கு விவசாயியின் சொந்தக் கணக்கே சாட்சி.

வரவைப் பார்ப்பது எப்படி?

எடை போடும் முன்பே கணக்கின் இருப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் அனுப்பிய பின் மீண்டும் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பட்டன் போன் வைத்திருப்போர், பாங்குக் கணக்கோடு இணைத்த எண்ணிலிருந்து *99# என்று அழுத்தினால், இன்டர்நெட் இல்லாமலே இருப்பை அறியலாம். இதற்கான ரகசிய எண்ணை முதலில் ஒரு முறை அமைத்துக்கொள்ள வேண்டும். பல பாங்குகளில் 'மிஸ்டு கால்' கொடுத்தாலே இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வந்துவிடும். அந்த எண்ணைக் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பாங்கின் குறுஞ்செய்தி அதன் பெயர்ச் சுருக்கத்தோடு வரும். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வரும் 'வரவு' செய்தியை நம்பக்கூடாது.

ரகசிய எண்

பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் வர எண்ணைப் பதியுங்கள்" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. இருப்பைப் பார்க்கையில் எண் கேட்கும். அப்போதும் திரையில் உள்ளதைப் படித்த பிறகே பதிய வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லலாம்.

பணம் வராவிட்டால்

வியாபாரியிடம் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைக் கேட்டு, தேதி, தொகையோடு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பாங்கில் விசாரிக்க இது உதவும். நபருக்கு நபர் அனுப்பும் யு.பி.ஐ. பணம் பற்று எழுதப்பட்டு வரவாகாமல் போனால், மறுநாளுக்குள் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2019-ல் உத்தரவிட்டது. ஆகவே காத்திருப்பதால் நேர்மையான வியாபாரிக்கு நஷ்டமில்லை. அவர் பணம் அவருக்குத் திரும்பிவிடும். வண்டியேறிப் போன மூட்டை அப்படித் திரும்பாது.

நெஃப்ட் முறையில் அனுப்பும் பணம் அரை மணிக்கு ஒரு முறை தொகுதியாகப் பைசலாவதால், வரவு காணச் சற்று நேரமாகும். அதுவரை சரக்கை இறக்கியே வைத்திருக்கலாம்.

ஏமாற்றுக்காரரால் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கும் பாங்குக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் முடக்கி வைக்க அதனால் வாய்ப்பு உண்டு.

தராசைச் சரிபார்ப்பதை எந்த வியாபாரியும் தவறாக எண்ணுவதில்லை. வரவைச் சரிபார்ப்பதற்கும் விவசாயிகள் கூச்சப்பட வேண்டியதில்லை.