உஷார்! ரேகை வைக்கும் முன் ரசீதைக் கேளுங்கள்

உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க மூன்றே விஷயம் போதும். எந்த பேங்க் என்ற பெயர், ஆதார் எண், ஒரு விரல். ஓடிபி வராது. ஏடிஎம் கார்டு வேண்டாம். ரகசிய எண் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இது ஏதோ திருட்டுக் கும்பல் கண்டுபிடித்த குறுக்கு வழி என்று நினைக்காதீர்கள். நம் வசதிக்காக வங்கிகள் முறைப்படி திறந்து வைத்திருக்கும் வாசல் இது. ஏஇபிஎஸ் என்று பெயர். ஆதார் இணைத்த கணக்கென்றால், நீங்கள் கேட்காமலே பெரும்பாலும் உங்கள் கணக்கிலும் இந்த வாசல் திறந்திருக்கும். நம் ஊர் ஆயாக்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவர்களுக்கு இது ரேகை மிஷின்.

மாதத்தில் 15-ஆம் தேதி நெருங்கினால் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ரேகை மிஷினுக்கு மவுசு கூடிவிடும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில் வைத்துத்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறது. முதியோர் உதவித்தொகை 1,200, நூறு நாள் வேலைக் கூலி, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம், கேஸ் மானியம் எல்லாமே இப்போது கணக்கில்தான் வந்து விழுகின்றன. ஏறிய பணத்தை எடுக்க சாலவாக்கத்துக்கோ மானாம்பதிக்கோ உத்திரமேரூருக்கோ போய் வரிசையில் நின்றால் பகல் போய்விடும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான். ஆனால் அன்றைக்குப் போகிற கூலியை யார் தருவார்கள்? அதனால் ரேகை மிஷின் தெருவுக்கே வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வசதி உண்மையானது, தேவையானது. அதற்குள் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியாமல் விரலை நீட்டுவதுதான் ஆபத்து.

எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வேப்பமரத்தடியில் ஒரு பைக். டேங்க் கவர் மேல் போன், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதன் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆயா கட்டை விரலை வைக்கிறார். ஏறவில்லை. வருஷக்கணக்கில் நாற்று பிடுங்கி, களை எடுத்து, சாணி தட்டித் தேய்ந்த விரல் அது. "வரலையே ஆயா, முந்தானையில தொடச்சிட்டு வை." துடைத்துவிட்டு வைக்கிறார். "கொஞ்சம் அழுத்தி வை ஆயா." அழுத்துகிறார். "அடுத்த வெரல வை." வைக்கிறார். அப்புறம், "சர்வர் இல்ல ஆயா, நாளைக்கு வரேன்."

இத்தனை நேரமும் போனின் திரை யார் பக்கம் இருந்தது? மிஷின் கொண்டுவந்த தம்பியின் பக்கம். நான்கு முறை வைத்த விரலில் ஒரு முறை பணம் போயிருந்தாலும் ஆயாவுக்குத் தெரிய வழியில்லை. சர்வர் உண்மையிலேயே படுத்திருக்கலாம், அடிக்கடி படுக்கத்தான் செய்கிறது. மிஷின் தூக்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பிள்ளைகள். வங்கி தருகிற சொற்பக் கமிஷனுக்காக வெயிலில் அலைகிறவர்கள். அவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. நேர்மையானவர் யார், ஏமாற்றுகிறவர் யார் என்று பிரித்துப் பார்க்க ஆயாவின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

நாட்டின் பல மாநிலங்களில் ஏமாற்று வேலை இந்த மாதிரிதான் நடந்திருக்கிறது. பணம் எடுத்துவிட்டு 'ஃபெயில்' என்று சொல்வது. இரண்டாயிரம் எடுத்துவிட்டு ஆயிரம் கொடுப்பது. பேலன்ஸ் பார்க்கிறேன் என்று விரலை வாங்கிப் பணத்தை எடுப்பது. ரேஷன் கார்டு புதுப்பிக்கிறோம், கேஒய்சி முகாம், இலவச சிம் என்று திண்ணையில் மேசை போட்டு ஊர் முழுவதற்கும் ரேகை வாங்குவது. பேலன்ஸ் பார்க்கவும் அதே விரல்தான், பணம் எடுக்கவும் அதே விரல்தான். விரலை வைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆளே எதிரில் இல்லாமலும் இது நடக்கும். 2018-இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒருவர் போலீசில் மாட்டினார். நிலப் பத்திரங்களில் இருந்த ரேகைகளை இணையத்தில் எடுத்து, ரப்பரில் போலி விரல் செய்து, அடுத்தவர் பெயரில் ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்திருந்தார். பின்னர் இதே தந்திரம் பணம் எடுக்கவும் பயன்பட்டது. ஹரியானாவிலும் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பத்திரப் பதிவு ரேகைகளை வைத்துக் கணக்குகளைக் காலி செய்தவர்கள் பிடிபட்டார்கள். போலி விரலைக் கண்டுபிடிக்க 2023-இல் ஆதார் ஆணையம் கூடுதல் சோதனை கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் நம் வீட்டுப் பத்திரத்திலும் ரேகை இருக்கிறது, அதே காகிதக் கட்டில் ஆதார் நகலும் பாஸ்புக் முதல் பக்கமும் இருக்கின்றன. நகைக் கடனுக்கு, பயிர்க் கடனுக்கு, பட்டா மாற்றத்துக்கு என்று அந்தக் கட்டை எத்தனை ஜெராக்ஸ் கடைகளில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறோம்? பாஸ்வேர்டு திருடு போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வேடிக்கை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) பள்ளிக்கூடப் பாடத்தில் குடவோலை என்ற ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடுகிறோம். அந்த ஊர்ச் சபைக்காரர்கள் எவ்வளவு சந்தேகப் பிராணிகள் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊர் முப்பது குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரிந்திருந்தது. வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்ட பிறகு, நம்பிமாரில் (கோயில் பூசகர்களில்) மூத்தவர் எழுந்து நின்று, கூட்டம் முழுவதும் பார்க்கும்படி அந்தக் குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலை எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை நடுவனான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையைச் செருகி வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது இல்லையா! வாங்கியதை அவன் உரக்க வாசிக்க வேண்டும். மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே மறுபடி வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் ஓலையில் இடம் கிடையாது.

நேரம் பிடிக்கிற வேலைதான். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். மத்தியஸ்தன் யோக்கியன் என்று தெரிந்தாலும் விரலை விரிக்கச் சொன்னார்கள். அவன் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பழைய வங்கி நடைமுறையிலும் அந்தத் தாமதம் இருந்தது. சலான் எழுத வேண்டும், கையெழுத்தையோ ரேகையையோ ஒருவர் ஒப்பிட வேண்டும், காசாளர் எண்ணித் தர வேண்டும், பாஸ்புக்கில் பதிய வேண்டும். எரிச்சலூட்டும் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒரு காவல். ரேகை மிஷின் அத்தனையையும் ஒரே விரலில் சுருக்கிவிட்டது. காவலை நீக்கியதற்குப் பதிலாக நமக்குக் கிடைக்க வேண்டியது ஒரே ஒரு ரசீதும் ஒரு குறுஞ்செய்தியும். இரண்டும் நம் கைக்கு வருவதில்லை.

குறுஞ்செய்தி எங்கே போகிறது தெரியுமா? அம்மாவின் கணக்கில் பதிந்திருப்பது மகனின் எண். மகன் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனியில் ஷிஃப்ட்டில் இருக்கிறான். உள்ளே போனை எடுத்துப்போக முடியாது. இரவில் வெளியே வந்து பார்த்தால், ஆயிரம் ரூபாய் எடுக்கப்பட்டதாக ஒரு செய்தி. அம்மா எடுத்திருக்கும் என்று நினைத்துத் தூங்கிவிடுகிறான். அம்மாவோ சர்வர் இல்லை என்று காத்திருக்கிறார். இன்னும் சில வீடுகளில் பதிந்திருக்கும் எண், எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வேறு யாருக்கோ போய்விட்ட எண். அது இன்னும் மோசம்.

ஆக, செய்ய வேண்டியவை. ரேகை வைக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, தொகையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'ஃபெயில்' ஆனாலும் ரசீது உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் விரலை நீட்டாதீர்கள். "என்ன ஆயா, என்னையே சந்தேகப்படுறியா?" என்று தம்பி முகம் வாடினால், "இல்ல கண்ணு, ஊட்ல கணக்கு கேப்பாங்க" என்று சொல்லுங்கள், தீர்ந்தது. முகாம் என்று மேசை போட்டு யார் ரேகை கேட்டாலும், வி.ஏ.ஓ. அலுவலகத்திலோ ஊராட்சியிலோ விசாரிக்காமல் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பூட்டு. ஆதார் ரேகையைப் பூட்டி வைக்கலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆதார் செயலியிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ பூட்டலாம், ஆதாரில் கைபேசி எண் சேர்த்திருக்க வேண்டும். சந்தேகம் கேட்க 1947. பூட்டிவிட்டால் ஒரிஜினல் விரல், போலி விரல் எதற்கும் பணம் வராது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையிலும் அதே ரேகைதான், பூட்டியிருந்தால் அங்கேயும் ஏறாது. கடைக்குப் போகும்போது சில நிமிடங்களுக்குத் திறந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு போன் இல்லாத ஆயா அதை எப்படிச் செய்வார்? அப்படிப்பட்டவர்களுக்கு வேறு யோசனை. அரசுப் பணம் ஏறுகிற கணக்கில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நெல் பணம், சீட்டுப் பணம், கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இருக்கும் கணக்கில் ரேகை வழியாக எடுக்கும் வசதியை நிறுத்திவைக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பல வங்கிகள் செய்து தருகின்றன. மறுத்தால் மேலாளரிடம் காரணம் கேளுங்கள்.

பணம் போனது தெரிந்தால் ஜோசியம் பார்க்க நேரமில்லை. உடனே 1930-க்கு அடியுங்கள், அப்புறம் வங்கிக் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்று இருக்கிறது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு பகுதியை நாம் ஏற்க வேண்டிவரும். அதற்கும் மேல் போனால் வங்கி வைத்ததுதான் சட்டம். அந்த நாள் கணக்கு, ஒரகடத்து மகனின் போனுக்குச் செய்தி வந்த தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் தலையில்தான்.

ஓடிபி என்றதும் ஞாபகம் வருகிறது. உரிமைத் தொகை நின்றுவிட்டது, சரிசெய்ய ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான், டிராஃபிக் சலான் என்ற பெயரில் 'ஏபிகே' என்று முடியும் செயலிக் கோப்பு வந்தால், அனுப்பியது சொந்த மச்சானே ஆனாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே திருடர்கள் வசம் போயிருக்கலாம். பணம் வாங்க ஜிபே-யில் பின் நம்பர் போடவே வேண்டாம், போடச் சொல்கிறவன் பணத்தை எடுக்கப் போகிறான். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி உங்கள் போனில் இருக்கும் பெயர்களையும் படங்களையும் கேட்டால், அது ரிசர்வ் வங்கி 2022-இலேயே தடுத்த காரியம். அந்தக் கடனை வாங்காதீர்கள்.

ரேகை மிஷினுக்கே திரும்புவோம். மிஷின் வைத்திருப்பவர்களைச் சரிபார்க்கும் பொறுப்பை வங்கிகளின் தலையில் கட்டி 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 2026 ஜனவரி முதல் நடைமுறை. தொடர்ந்து மூன்று மாதம் மிஷினைப் பயன்படுத்தாதவரை மறுபடி சரிபார்க்காமல் அனுமதிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த உத்தரவு வேப்பமரத்தடி வரை எப்போது வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வீட்டிலுள்ள பாஸ்புக்குகளை எடுத்துக்கொண்டு போய் வரவு செலவைப் பதியுங்கள், கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்பார்கள். நாளைக்கும் போங்கள்.