வடிகட்டியில் வாழும் துப்புரவாளர்கள்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், என் மகள் விடாமல் கேட்டதன் பேரில், வீட்டில் ஒரு மீன் தொட்டி வைத்தோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அடியில் கூழாங்கற்கள், ஒரு மூலையில் ஸ்பாஞ்சு வடிகட்டி, அதற்குக் காற்றடிக்க ஒரு சிறு பம்பு. அன்று மாலையே பத்துப் பொன்மீன் குஞ்சுகளை வாங்கி வந்து விட்டோம்.

மூன்றாவது வாரம் பார்த்தபோது ஸ்பாஞ்சு பழுப்பேறி, தொட்டால் வழவழவென்று இருந்தது. அழுக்கு என்று எண்ணினேன். குழாயடியில் பிடித்து, புதிது போல ஆகும்வரை கசக்கிப் பிழிந்து மீண்டும் பொருத்தினேன். நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தி எனக்கு.

நான்காம் நாள் காலை மீன்கள் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாலைக்குள் மூன்று செத்து மிதந்தன. மறுநாள் மேலும் நான்கு. "தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கே அப்பா! அப்புறம் ஏன் செத்துப் போச்சு?" என்று கேட்டு என் மகள் அழுதாள். இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்துவரும் எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

ஒரு சிறு புட்டியில் தொட்டி நீரை எடுத்துக்கொண்டு கல்லூரி விலங்கியல் துறை நண்பரிடம் போனேன். அவர் ஒரு சோதனைக் குழாயில் அதை ஊற்றிச் சில சொட்டு மருந்துகளை விட்டார். அமோனியா இல்லாத நீர் மஞ்சளாகவே நிற்கும் என்றார். என் நீர் கரும்பச்சையாக மாறியது. "சார், நீங்கள் கழுவிக் கொட்டியது அழுக்கை அல்ல. மீன்களின் காவல்காரர்களை!" என்றார்.

மாணவ நண்பர்களே, அந்தக் காவல்காரர்கள் யார் என்று பார்ப்போமா?

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் உண்ணும் உணவில் புரதம் உண்டு. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. உடலுக்குத் தேவைப்படாத நைட்ரஜனை நாம் யூரியாவாகச் சிறுநீரில் கழிக்கிறோம். மீனோ பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நேராக நீரில் விட்டுவிடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அமோனியாவைத் தருகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருநீரில் கலந்து நீர்த்துவிடும். 55 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? நாளுக்கு நாள் சேரும். அமோனியா நீரில் நிறமின்றிக் கரைவதால், பளிங்கு போன்ற நீரும் நஞ்சாக இருக்கலாம்.

நீரில் அமோனியா இரு வடிவங்களில் உள்ளது. ஒன்று அமோனியம் அயனி. இது அவ்வளவு கொடியதன்று. மற்றொன்று அயனியாகாத அமோனியா. மீனைக் கொல்வது பெரும்பாலும் இதுவே. இவ்விரண்டின் விகிதத்தைத் தீர்மானிப்பது நீரின் பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் ஆகும். 25 டிகிரி செல்சியசில் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் ஆயிரத்தில் 6 பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றில் 5 பங்காகிவிடும். அதாவது ஏறக்குறைய ஒன்பது மடங்கு! காரத்தன்மையுள்ள கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ தொட்டிக்குப் பயன்படுத்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மணற்குழாய் சொன்ன உண்மை

இந்த நஞ்சை யார் அகற்றுவது? இதற்கான விடை ஒரு வடிகட்டியிலிருந்தே கிடைத்தது. 1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிவியலார், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டனர். முதல் இருபது நாட்கள் உள்ளே சென்ற அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு அது நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமன்றோ? குழாய்க்குள் குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. பிறகு சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. ஆகவே இது உயிர்களின் வேலை என்பது உறுதியாயிற்று.

1890ஆம் ஆண்டையொட்டி, ரஷ்ய அறிஞர் வினோகிராத்ஸ்கி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். வேலை இரு படிகளில் நடக்கிறது. ஒரு கூட்டம் அமோனியாவை ஆக்சிஜனுடன் சேர்த்து நைட்ரைட் ஆக்குகிறது. மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க இயலாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடும். நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை நாம் நீர் மாற்றி அகற்றலாம்.

வேலை செய்வோரின் பட்டியல் இன்னும் முடியவில்லை. நைட்ரோஸ்பைரா என்ற இனத்தில் சில வகைகள் இரு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கின்றன என்பது 2015ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது.

வடிகட்டி என்னும் வீடு

இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நீரில் மிதந்து திரிவதில்லை. ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக வாழ்கின்றன. எனவே இவற்றுக்குத் தேவை நிறையப் பரப்பு. ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. பக்கமுள்ள ஆயிரம் கனசதுரங்களாக வெட்டினால், மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிவிடும். பருமன் மாறவில்லை, பரப்பு பத்து மடங்காயிற்று. எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்ட ஸ்பாஞ்சு இதே வழியில் ஒரு கைப்பிடி இடத்தில் பெரும் பரப்பைத் தருகிறது. நான் கண்ட வழவழப்பில் கழிவுத் துகள்களோடு இந்த உயிர்ப்படலமும் கலந்திருந்தது.

இவற்றுக்கு அடுத்த தேவை ஆக்சிஜன். வடிகட்டியின் குழாய்க்குள் பம்பு காற்றுக் குமிழிகளை விடுகிறது. குமிழி கலந்த நீரின் அடர்த்தி, வெளியே உள்ள நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. எனவே அது மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பத் தொட்டி நீர் ஸ்பாஞ்சின் வழியே உள்ளே புகுகிறது. இப்படி ஆக்சிஜனும் அமோனியாவும் பாக்டீரியாக்களின் வாசலுக்கே வந்து சேர்கின்றன. பம்பு நீண்ட நேரம் நின்றால் அவையும் மூச்சுத் திணறும். வெயில் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மி.கி. தான்.

புதுத் தொட்டிக்குப் பொறுமை

நல்ல சூழலில் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். நம் துப்புரவாளர்களுக்கு அரை நாள் முதல் ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். அமோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம் என்பதே காரணம். ஆகவே புதுத் தொட்டி பக்குவமடைய பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி தயார்.

இங்கே நான் செய்த தவறுகள் இரண்டு. அந்தச் சிறு தொட்டியில் முதல் நாளே பத்து மீன்களை விட்டது ஒன்று. மூன்று வாரத்தில் மெல்ல வளர்ந்து வந்த படலத்தைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசிக் கொன்றது மற்றொன்று. குடிநீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், நல்ல பாக்டீரியா எது, கெட்டது எது என்று பார்ப்பதில்லை.

நீங்கள் தொட்டி வைத்தால்

மீன் விடுவதற்கு முன்பே வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகித் தரும் அமோனியாவே பாக்டீரியாக்களுக்கு உணவு. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு கிடைத்தால், தயிருக்கு உறை குத்துவதுபோல் அதைப் புதுத் தொட்டியில் போடலாம். மீன்களை இரண்டிரண்டாக, இடைவெளி விட்டுச் சேருங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வையுங்கள். பம்பால் காற்றடித்தால் குளோரின் இன்னும் விரைவாக நீங்கும். குளோரமைன் சேர்த்த நீர் என்றால் இது போதாது. அதற்குரிய மருந்தைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். ஸ்பாஞ்சில் நீரோட்டம் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிந்து மீண்டும் பொருத்துங்கள். சோப்பு கூடவே கூடாது. நீர் மாற்றுவதையும் ஸ்பாஞ்சைப் பிழிவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

எஞ்சிய மூன்று பொன்மீன்களை எப்படிக் காப்பாற்றினோம்? தீனியைக் குறைத்தோம். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். நண்பர் தம் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு தந்தார். என் மகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரைச் சோதித்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து வந்தாள். அமோனியா ஒரு குன்று போல் ஏறி இறங்கியது. அதன் பின்னே நைட்ரைட் மற்றொரு குன்றாக ஏறி இறங்கியது. ஐந்தாவது வாரம் இரண்டு கோடுகளும் தரையைத் தொட்டன. நன்கு வளர்ந்துவிட்ட அம்மூன்று மீன்களும் இப்போது கொல்லைப்புறத்துப் பெரிய சிமெண்ட் தொட்டியில் நீந்துகின்றன. அங்கும் அதே பழைய ஸ்பாஞ்சுதான். அதைப் பிழியும் பொறுப்பை என் மகள் என்னிடம் தருவதில்லை!