வகுப்பறைக்கு ஒரு தபால் பெட்டி

"அம்மா, திங்கட்கிழமைக்குள்ள ஒரு தபால் பெட்டி வேணும். மிஸ் உன்னைக் கேக்கச் சொன்னா!"

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் கடைக்குட்டி, போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். ஒரு நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் அட்டையிலேயே கொலுப்படி செய்து கொடுத்தேன். அன்று முதல் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் என் பெயர்தான் அடிபடுகிறது. நான் பத்தாவதோடு நின்றவள். பாடம் சொல்லித்தர வராது. கத்திரிக்கோல் பிடிக்க வரும்.

"தபால் பெட்டி பார்த்திருக்கியாடா?" என்றேன். திருதிருவென்று விழித்தான். மறுநாள் காலையில் கச்சேரி ரோடு தபாலாபீசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வாய்க்கு மேலே மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கூரையைக் காட்டினேன். "இதுக்கு எதுக்குப் பூட்டு?" என்று கேட்டான். "மத்தவா கடுதாசியை நாம படிக்கப்படாதோன்னோ, அதுக்குத்தான்" என்றேன். அது அவனுக்குப் பெரிய ஆச்சரியம்.

நிஜப் பெட்டி உருண்டையாக இருக்கிறதே என்று முதலில் அட்டையை வளைத்துப் பார்த்தேன். அங்கங்கே மடிந்து, நசுங்கின டால்டா டின் மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கு அந்த ஆசையே வேண்டாம், சதுரப் பெட்டிதான் உத்தமம்.

மளிகைக் கடையில் கேட்டால் பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டி கொடுப்பார்கள். ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். அட்டைக்குள் ஓடும் நெளிவரிகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். படுக்கை வாட்டில் இருந்தால் கனம் தாங்காமல் பெட்டி உட்கார்ந்துவிடும். அடியில் ஒரு பையில் மணல் கட்டி வைத்தால், குழந்தைகள் இடித்தாலும் சாயாது.

வாய் வெட்ட ஒரு போஸ்ட் கார்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அது 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். ஆகவே வாய் ஏழு அங்குல நீளம், ஒன்றரை அங்குல உயரம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக வெட்டினால் உள்ளே கைவிட்டுத் துழாவுவார்கள். பின்பக்கம் கதவுக்கு மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள். நாலாவது பக்கத்தில், ரீஃபில் தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டால் அழகாக மடியும். பூட்டுக்கு ஒரு பொத்தானும் நூலும் போதும். பிளேடு வேலை முழுக்க உங்களுடையது, குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

பிறகு மைதாப் பசை காய்ச்சிச் சிவப்புக் காகிதம் ஒட்ட வேண்டும். வாய் இருக்கும் இடத்தில் காகிதத்தைப் பெருக்கல் குறிபோலக் கீறி, உள்பக்கமாக மடித்து ஒட்டினால் விளிம்பு கையைக் கீறாது. பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் தொடும் சாமானில் கூடவே கூடாது. மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் காயவிட்டாலே போதும்.

இனி விலாசம். பின்கோடு நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் தபால் துறை அதிகாரி, சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் உள்ள வட்டாரம். 600 என்றால் சென்னை. கடைசி மூன்று எண்கள் தபாலாபீசைக் காட்டும்: மயிலாப்பூர் 004, தி.நகர் 017, அடையாறு 020. இதையே வைத்து வகுப்புக்கும் ஒரு பின்கோடு போட்டோம். இரண்டாவது வரிசை, மூன்றாவது பெஞ்ச், முதல் இடம் என்றால் 231. முத்திரைக்கு வெண்டைக்காயின் காம்புப் பக்கம். மையில் தொட்டுக் குத்தினால் பூ மாதிரி விழும்!

முதல் வெள்ளிக்கிழமை தபால் பட்டுவாடாவைப் பார்க்க நானும் போயிருந்தேன். ஒரு பையனுக்கு ஏழு கடிதம், அந்த வாரம் பிறந்தநாள் கொண்டாடிய பெண்ணுக்கு ஒன்பது. ஜூனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கட்டட வேலைக்காக ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம். தமிழ் திக்கித் திக்கித்தான் பேசுவாள். தபால் பை காலியாயிற்று. கையை மெள்ள பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

"நீ அவளுக்கு எழுதினியாடா?" என்று ராத்திரி கேட்டேன்.

"எனக்கு அவளைத் தெரியாதேம்மா."

இவனுக்கு நேர் பின்னால் உட்காருகிறவள்!

இடது கையால் குழந்தை எழுத்தில் நானே ஒன்று எழுதிப் போட்டுவிடலாமா என்று ஆசிரியையைக் கேட்டேன். "வேண்டாம் மாமி. யார் எழுதினான்னு அவ கேட்டா என்ன சொல்றது?" என்றார். வாஸ்தவம்தான்.

இருவரும் யோசித்து ஏற்பாட்டை மாற்றினோம். திங்கட்கிழமை எல்லார் பெயரையும் சீட்டெழுதி ஒரு சம்படத்தில் போட்டுக் குலுக்குவது. யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு ஒரு கடிதம் கட்டாயம். தன் பெயரே வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். சிநேகிதர்களுக்கு எழுதுவது அவரவர் இஷ்டம். எழுத வராவிட்டால் படம் போடலாம். வியாழக்கிழமை ஆசிரியை பெயர் வாரியாக எண்ணிப் பார்த்துவிடுவார். கையெழுத்தில்லாத கடிதம் பட்டுவாடா ஆகாது. ஒரு குழந்தையைக் 'குண்டு' என்று யாரோ பெயர் போடாமல் எழுதிய பிறகு சேர்த்த விதி இது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. "உங்க அப்பா வேலை செய்யற இடத்துல கிரேன் இருக்கா?" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். பதிலுக்கு அவள் ஒரு முழுத் தாளில் கிரேன் வரைந்து அனுப்பினாள். மேலே டிரைவர், கயிற்றில் கட்டி ஏற்றும் சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் இருந்தது. பையன்கள் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவளுக்குச் சீட்டில் வராத கடிதங்களும் வர ஆரம்பித்தன.

தீபாவளிக்கு முன்னால் நிஜப் போஸ்ட் கார்டே வாங்கி எல்லோரும் ஊருக்கு எழுதினார்கள். விலை ஐம்பது பைசாதான். அவள் பாட்டி ஊர் பின்கோடு 5-ல் ஆரம்பித்தது. வகுப்பே எட்டிப் பார்த்ததாம். பதில் வரப் பதினோரு நாள் ஆயிற்று. வந்த தெலுங்குக் கடிதத்தை அவளே படித்துத் தமிழில் சொன்னாளாம்.

தரை துடைத்த ஈரத்தில் பெட்டியின் அடி அட்டை ஊறிப்போய்விட்டது. மளிகைக் கடையில் வேறு பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டப் போகிறேன்.