சாயம் பிடிக்கும் கரி

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலைக்குச் சாயமிட்டு அலசிய நீருக்குத்தான் இன்னும் உருப்படியான வழி தேவைப்படுகிறது. பருத்தியில் ஏற்றும் ரியாக்டிவ் சாயத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரை துணியில் ஒட்டாமல் நீரோடு போய்விடும். வெயிலுக்கும் துவைப்புக்கும் சாயம் போகக்கூடாது என்றே அந்த மூலக்கூறைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே கழிவுநீர்த் தொட்டியின் நுண்ணுயிர்களாலும் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஆற்றில் கலந்து நீர்த்துவிடும் என்ற சமாதானமும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் வைகைக்குச் செல்லாது. சிதையாத சாயத்தைப் பட்டறை வாசலிலேயே பிடித்துவைக்க வேண்டும். அதற்கான பொருள் தென் மாவட்டங்களில் தாராளமாக இருக்கிறது: கரி.

சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி அப்படியே பயன்படாது. சுமார் 800 டிகிரி செல்சியஸில் நீராவி செலுத்தியோ, பாஸ்பாரிக் அமிலம் போன்றவற்றோடு சூடாக்கியோ அதற்குள் நுண்துளைகளைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர். நீரிலுள்ள சாயம் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்வதைத்தான் வேதியியலார் பரப்புக் கவர்ச்சி என்கிறார்கள். ஆனால் பரப்பு மட்டும் போதாது. சாய மூலக்கூறு நுழையும் அளவுக்குத் துளை பெரிதாக இருக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்குக் குறைவான துளைகளே உண்டு. சிறிய மூலக்கூறுகளுக்கு அது அருமையானது. பருமனான ரியாக்டிவ் சாயத்துக்கு வாசல் குறுகிவிடும். மரக்கரியைப் பக்குவமாகத் தயாரித்தால் அகன்ற துளைகள் கூடுதலாகக் கிடைக்கும். சிரட்டைக் கரிக்கு நல்ல பெயர் இருக்கிறது என்பதற்காகவே அதை வாங்குவது காசை நீரில் போடுவதுதான்.

ஆய்வுக்கட்டுரைகளில் வரும் 95 சதவீத நீக்கம் என்ற கணக்கையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அவற்றில் பல, மெத்திலீன் நீலத்தை வாலை நீரில் கரைத்துச் சோதித்தவை. அது நேர்மின் சாயம். கரியில் சுலபமாக ஒட்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின் சாயம், அதோடு உப்பும் காரமும் சேர்ந்தே வரும். மெழுகு அச்சுச் சுங்குடியில் இன்னொரு சிக்கல்: மெழுகைப் போக்கத் துணியை வெந்நீரில் போடும்போது உருகும் மெழுகு கரித்துளைகளை அடைத்துவிடும். முதலில் நீரை ஆறவிட்டு மெழுகை வழித்தெடுக்க வேண்டும்; பிறகுதான் கரித்தொட்டி.

நிறம் போனால் நீர் சுத்தமாகிவிடுமா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். கரி உப்பைத் தொடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதன் பின்னணியில் நொய்யல் ஆற்றைக் கெடுத்த உப்பும் இருந்தது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற கரைந்த திடப்பொருள் வரம்புக்குள் நீரைக் கொண்டுவர, சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவைப்படும். அதனால் கரி வீண் என்று ஆகிவிடாது: சாயம் படிந்தால் விலையுயர்ந்த சவ்வு சீக்கிரம் பழுதாகும், முன்னால் நிற்கும் கரி அதைத் தடுக்கும். சவ்வுக்கே வசதியில்லாத சிறு பட்டறைகள் அலசல் நீரை மட்டும் கரியில் தெளியவைத்து அடுத்த அலசலுக்கு எடுக்கலாம். உப்பு மிகுந்த முதல் நீரைத் தனியே பிரித்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மெய்யான சோதனை கரி நிறைந்த பிறகுதான். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய கரியையும் பட்டியலில் வைத்திருக்கின்றன. அதைக் கண்மாய்க் கரையில் கொட்டினால், சாயத்தை நீரிலிருந்து மண்ணுக்கு மாற்றியதாகத்தான் முடியும். உயர்வெப்பச் சூளையில் கரியைப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு எரிந்து குறையும். தனிப் பட்டறைக்கு அப்படியொரு சூளை கட்டுப்படியாகாது, பல பட்டறைகள் சேர்ந்தால் ஆகும். எனவே கரி வாங்கும் ஒப்பந்தத்தில் விலையோடு இரண்டு நிபந்தனைகளையும் எழுத வேண்டும்: பட்டறையின் சொந்தக் கழிவுநீரில் செய்த சோதனை முடிவு, நிறைந்த கரியை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு.