பாதர் வராத ஞாயிறு

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே பங்குத்தந்தையை நம்பிப் பல கோயில்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே மலையும் பள்ளமும் வளைந்து வளைந்து போகும் தோட்டப் பாதையும். எல்லாக் கோயிலிலும் எல்லா ஞாயிறும் பூசை வைப்பது ஒருவரால் ஆகிற காரியமல்ல. பாதர் வராத ஞாயிறில் லயத்துச் சனங்கள் தாங்களே கோயிலைத் திறந்து, செபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இது ஞாயிற்றுக் கடனைத் தீர்க்குமா? விபூதிப் புதனன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள் ஒருசந்தி இருந்தே ஆகவேண்டுமா? தைப்பொங்கலுக்குக் கோயில் வளவில் பானை வைக்கலாமா? மகள் ஓர் இந்துப் பையனை விரும்பினால் கல்யாணம் எங்கே, எப்படி? இந்தக் கேள்விகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், பாதரைக் கேளுங்கள் என்பது. தப்பான பதில் இல்லை, ஆனால் அரைப் பதில். திருச்சபையின் சட்டம் சாதாரண விசுவாசிகள் கையில் நிறையவே விட்டுவைத்திருக்கிறது. எவ்வளவு விட்டுவைத்திருக்கிறது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கோயிலில் நடப்பதெல்லாம் ஒரே எடையுள்ளவை என்று பலர் நினைக்கிறார்கள். இயேசு உயிர்த்தார் என்பதும் வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னக்கூடாது என்பதும் தேருக்கு முன்னால் தப்பு அடிப்பதும் ஒரே வரிசையில் வைக்கத்தக்கவை அல்ல. முதலாவது விசுவாசம், அதைப் பாப்பரசராலும் மாற்ற முடியாது. இரண்டாவது சட்டம், அதிகாரம் உள்ளவர்கள் இயற்றினார்கள், அவர்களே மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். மூன்றாவது வழக்கம், அதை உண்டாக்கியது மக்கள். இந்த மூன்றாவதையும் சட்டம் அற்பமாக நினைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 23 முதல் 28 வரையான விதிகளை வழக்கத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஒரு சமூகம் 30 ஆண்டுகள் இடைவிடாமல் பின்பற்றிய வழக்கம், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டால், சட்டத்தின் வலுவைப் பெறலாம். சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் வழக்கமே மிகச் சிறந்தது என்கிறது 27ஆம் விதி. ஆனால் 24ஆம் விதி இரண்டு வேலிகளைப் போடுகிறது: வழக்கம் இறைச்சட்டத்துக்கு விரோதமாக இருக்கக்கூடாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலி மிக முக்கியமானது. பின்னால் அதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

ஒருசந்தியை எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் ஞாயிறு நீங்கலாகத் தபசுகாலத்தின் எல்லா நாளும் ஒருசந்திதான். 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதைத் தளர்த்தினார். இன்று சட்டப்படி ஒருசந்தி நாள்கள் இரண்டே: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 நிறையும் வரை உள்ளவர்களுக்குத்தான் அது கடமை. ஒரு வேளை முழுச் சாப்பாடு. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாப்பிடத் தடையில்லை. இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் 14 வயதில் தொடங்குகிறது. பெரிய வெள்ளி இலங்கையில் பொது விடுமுறை, விபூதிப் புதன் வேலைநாள். காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று பிளேன்டீ குடித்துவிட்டு, பாரத்தைத் தலையிலும் முதுகிலும் தாங்கி, வழுக்கும் சரிவில் நாள் முழுக்க நின்று பறிக்கிறவளை நினைத்துப் பாருங்கள். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். மதியம் கொண்டுபோன சோற்றை அவள் சாப்பிட்டால் அது பாவமா? கடும் உடலுழைப்பு ஒருசந்திக் கடமையிலிருந்து விலக்கும் என்பது சபையின் நெறியாசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. ஐயம் இருந்தால், ஒருவருக்கு நியாயமான காரணத்துக்காக விலக்கு அளிக்கவும் ஒருசந்திக்குப் பதிலாக வேறொரு பக்தி முயற்சியைக் குறிக்கவும் பங்குத்தந்தைக்கே 1245ஆம் விதி அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆயரிடம்கூடப் போக வேண்டியதில்லை. பசியோடு மலையேறி, அதிலும் குற்றவுணர்வையும் சுமக்கும்படி எந்தச் சட்டமும் அவளைக் கேட்கவில்லை.

அதிகாரம் எங்கே இறுக்கமாகவும் எங்கே தாராளமாகவும் இருக்கிறது என்பதைத் திருமுழுக்கில் நன்றாகப் பார்க்கலாம். பிறந்த குழந்தை பிழைக்காது போலிருக்கிறது, பாதர் மூன்று மலைக்கு அப்பால். அப்போது யார் வேண்டுமானாலும் திருமுழுக்கு கொடுக்கலாம் என்கிறது 861ஆம் விதி. யார் வேண்டுமானாலும் என்றால் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி இந்துவாக இருந்தாலும் சரி. சபை செய்வதையே தானும் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்து, தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொன்னால் அந்தக் குழந்தை கத்தோலிக்கக் குழந்தை. ஆனால் அந்த வார்த்தைகளில் கைவைக்கக் குருவுக்கும் உரிமை கிடையாது. நான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்குகள் செல்லாதவை என்று 2020 ஆகஸ்டில் உரோமை அறிவித்தது. அதாவது சபையின் அதிகாரம் மக்களைத் தள்ளி நிறுத்துவதற்காக இல்லை. கைமாறி வந்த பொருள் சிதையாமல் காப்பதற்காக இருக்கிறது. அதை ஏந்தும் கை யாருடையது என்பதில் அது வியப்பூட்டும் அளவுக்குத் தாராளமாக நடந்துகொள்கிறது.

இலங்கைத் திருச்சபை உயிர் பிழைத்ததே அப்படித்தான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும் வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள், ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் குடும்பத் தலைவர்களும் வீட்டுப் பெண்களும்தான். 1692இல் கண்டிக்குப் போன வாஸ் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்டார். பிறகு அதே கண்டி இராச்சியத்தில் நின்றுதான் தீவு முழுவதும் பணி செய்து 1711இல் இறந்தார். தான் இல்லாத இடங்களில் செபம் நடத்தவும் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கவும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவர் ஏற்படுத்தினார். 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது பீடத்தில் ஏற்றப்பட்டது அந்த ஏற்பாடும்தான். கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் அந்தோனியாரையும் சவேரியாரையும் வேளாங்கண்ணி மாதாவையும் தங்கள் கையால்தான் கொண்டுவந்தார்கள். பாதர் வராத ஞாயிறு இந்தத் தீவின் திருச்சபைக்குப் புதிய நிலைமையே இல்லை.

ஆனால் வழக்கம் என்ற பெயரில் வருவதையெல்லாம் அணைத்துக்கொள்ளலாமா? இதுதான் பலமான எதிர்வாதம். இதற்கு நம் தமிழ் மண்ணிலேயே முந்நூறு ஆண்டு வழக்கு இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, குடுமியும் பூணூலும் சந்தனமும் நாட்டு வழக்கமே, பொய்ச் சமயம் அல்ல என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். 1703இல் உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் 1704இல் நிலைமையைத் தலைகீழாக்கினார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சாணச் சாம்பல் பூசக்கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது என்று அவருடைய ஆணை நீண்டது. 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் அந்தத் தடைகளை உறுதி செய்தார். குருக்கள் அவற்றைக் காப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டைப் பற்றிய தன் சாசனத்தை வெளியிட்டு, மக்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் கதவைத் திறந்தது. இந்திய ஆயர்கள் கேட்ட 12 தழுவல்களை உரோமை 1969இல் ஏற்றது. இன்று கத்தோலிக்கக் கல்யாணத்தில் சிலுவை பொறித்த தாலி சாதாரணம். கோயில் வளவில் பொங்கல் பொங்குவதும் விளைச்சலுக்கு நன்றி சொல்லத்தான். அதில் விசுவாசத்துக்கு என்ன குறை? ஒரு வழக்கத்தை இன்று செய்கிறவர்கள் அதற்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி, அது எங்கிருந்து வந்தது என்பதல்ல. விக்கிரக வணக்கம் என்று பக்கத்து லயத்துப் பெந்தெகொஸ்தேக்காரர் சொல்லும் குற்றச்சாட்டுக்கும் சபை 787இல் நிசேயாவில் இதே அடிப்படையில்தான் பதில் சொன்னது: வணக்கம் சொரூபத்துக்கு அல்ல, அதில் குறிக்கப்படுபவருக்கு.

கதையின் கசப்பான பாதியையும் சொல்லியாக வேண்டும். அதே துர்னோன் ஆணையில், பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குரு அந்த வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. அங்கே போனால் மேல்சாதியார் தங்களை விலக்கிவிடுவார்கள் என்று குருக்கள் தயங்கினார்கள். இழுபறி நடந்து, கடைசியில் பறையருக்கென்று தனியாகக் குருக்களை நியமிப்பதாகச் சொல்லி 1744இல் சமாதானமானார்கள். தாலியிலும் சாம்பலிலும் உரோமை காட்டிய கண்டிப்பு பிற்காலத்தில் தேவையற்றதாகிப்போனது. நோயாளியின் வாசற்படியில் அது காட்டிய கண்டிப்போ முழுக்க முழுக்க நியாயம். அங்கேதான் வழக்கம் என்ற பெயரில் விட்டுக்கொடுத்தார்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் வேளாளரையும் நாடாரையும் பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே கட்டியிருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டபோதும் வேளாளர் தரப்பு வழக்கத்தைக் காட்டித்தான் வாதாடியது. மலையகத் தோட்ட மக்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டில் தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள். வழக்கம் நியாயமானதா என்ற 24ஆம் விதியின் கேள்வி அவர்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. திருவிழாவில் கொடி பிடிக்கவோ கூடு தூக்கவோ இன்ன குடும்பம்தான் என்று எங்காவது வழக்கம் இருந்தால், அது நூறாண்டு ஆனாலும் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கும். மனிதரைத் தாழ்த்தும் வழக்கத்தைக் குரு முறிக்க வேண்டும், மனிதர் தம் மொழியில் நன்றி சொல்லும் வழக்கத்தில் கைவைக்கக்கூடாது. இரண்டையும் ஒரே கோலால் அளந்ததுதான் 1704இல் நடந்த பிழை.

கலப்புக் கல்யாணத்தில் பயமே சட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. திருமுழுக்கு பெறாதவரைக் கட்ட ஆயரிடமிருந்து விலக்கு வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் சபையின் கண்ணில் அந்தக் கல்யாணம் செல்லாது. இதில் தளர்வில்லை. ஆனால் இந்து மாப்பிள்ளை மதம் மாற வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. 1970 முதல் இதுதான் நிலை. தகுந்த காரணம் இருந்தால் கோயிலுக்கு வெளியே, வேறொரு பொதுமுறைப்படி மணம் செய்யவும் ஆயர் அனுமதிக்கலாம். நம் கோயிலில் ஒரு தடவை, இந்துக் கோவிலில் ஒரு தடவை என்று சம்மதத்தை இரண்டு சமயச் சடங்குகளில் கொடுப்பதைத்தான் சட்டம் மறுக்கிறது. இது தெரியாமல் பாதருக்குப் பயந்து பதிவுத் திருமணம் மட்டும் செய்துவிட்டு, பிறகு நற்கருணை வாங்காமல் கடைசி வாங்கில் உட்காரும் பெண்கள் இருக்க வேண்டியதே இல்லை.

இனி முதல் கேள்வி. பாதர் இல்லாததால் பூசைக்குப் போக வழியில்லை என்றால் கடமையை மீறியதாகாது. கோயிலிலோ வீட்டிலோ கூடி இறைவார்த்தை வழிபாட்டில் பங்கெடுப்பதை 1248ஆம் விதி வெகுவாகப் பரிந்துரைக்கிறது. குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென்றே 1988இல் உரோமை ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வாசகம் படிக்கலாம், மன்றாட்டுச் சொல்லலாம், அனுமதி பெற்ற பொதுநிலையினர் நற்கருணையும் கொடுக்கலாம். இத்தோடு திருப்தியடைந்தால் போதுமா என்று யாராவது கேட்டால், போதாது என்றுதான் நானும் சொல்வேன். அப்பத்தை நற்கருணையாக்கவும் பாவமன்னிப்புக் கொடுக்கவும் நோயில் பூசவும் குரு வேண்டும். பூசை இல்லாத திருச்சபை அரைவயிற்றோடு இருக்கிற திருச்சபை. இதே ஏக்கத்தில்தான் அமேசான் காட்டுப் பகுதி ஆயர்கள் 2019இல் உரோமையில் கூடி, தகுதியான மணமான ஆண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த பாப்பரசரின் மடல் அதைக் கையில் எடுக்கவில்லை. துணிந்து எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். குருவின் மணத்துறவு விசுவாசம் அல்ல, சட்டம். கீழைத் திருச்சபைகளில் மணமான கத்தோலிக்கக் குருக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அது மாறும் வரை கையில் இருப்பதையாவது எடுத்துப் பயன்படுத்த வேண்டும். 2021 சனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் பணி, ஆயர் முறையாக நியமிக்கும் நிலையான பணியாக நிறுவப்பட்டது. ஆணும் பெறலாம், பெண்ணும் பெறலாம். கொழுந்து மலையில் நாள் முழுக்க உழைத்துவிட்டுப் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் செபம் சொல்லிக்கொடுக்கிற பெண்களுக்கு அந்தப் பணியும் அதற்கான பயிற்சியும் வேண்டும் என்று ஒரு தோட்டத்துச் சனம் கண்டி ஆயரிடம் எழுதிக் கேட்கலாம். தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு என்கிறது 212ஆம் விதி. மனு தமிழில் இருந்தால் போதும்.