மருந்து மாற்றமும் மனநிறைவும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு பிறப்பது அம்மலையிலேயாம். சாமையும் தினையும் கடுக்காயும் மிகுந்த அவ்வூர்களில், மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர்க்கு நெஞ்சத்துடிப்பு ஒழுங்கு தவறிவிட்டது என்று கொள்க. அவர் உண்ணத்தக்க மருந்து யாது? ஒரு மருந்தை விட்டு மற்றொன்றுக்கு மாறினால் அவர்க்கு மனநிறைவு உண்டாகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அவருடைய நெஞ்சை நோக்கினால் மட்டும் போதாது. அவர் நடக்கும் வழியையும் நோக்குதல் வேண்டும்.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளுதல் இயற்கை. முதுமை, இரத்தக் கொதிப்பு, வால்வு நோய் முதலியவற்றால் சிலர்க்கு அம்மேலறைகள் சுருங்காமல் நடுங்கத் தொடங்குகின்றன. அப்பொழுது நாடி தாளம் தப்பி ஓடும். அதனினும் அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. தள்ளப்படாமல் தேங்கிய குருதி மேலறையில் உறைந்து கட்டியாகும். அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் குழாயை அடைக்குமாயின் பக்கவாதம் வரும். கை கால் விழும். சிலர்க்குப் பேச்சும் அற்றுப்போகும். இதனைத் தடுப்பதற்கே உறைவைத் தடுக்கும் மருந்து தரப்படுகின்றது. 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து' என்று அதனை மக்கள் கூறுவர். அப்பெயர் பொருந்துவதன்று. குருதி நீர்த்துப்போவதில்லை, உறையும் ஆற்றலே குறைகின்றது.

இவ்வகை மருந்துகளுள் நெடுங்காலம் வழங்கிவருவது வார்பாரின். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், பூசணம் பிடித்த 'சுவீட் குளோவர்' என்னும் தீவனத்தை உண்ட மாடுகள் குருதி உறையாமல் மாண்டன. 1933-ஆம் ஆண்டில் உழவர் ஒருவர் இறந்த பசுவையும், உறையாத குருதி நிரம்பிய பால்கலத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியல் அறிஞரும் அவருடைய மாணவரும் பல்லாண்டு முயன்று, அக்கேட்டினை விளைத்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழித்தோன்றலாகிய வார்பாரின் 1948-இல் எலிமருந்தாகவே கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அவ்வளவைக் கண்டறிவதுதான் தொல்லை. ஐ.என்.ஆர். எனப்படும் குருதிச் சோதனையில் பெரும்பாலோர்க்கு எண் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்றல் வேண்டும். குறைந்தால் உறைகட்டி அச்சம். மிகுந்தால் குருதிக்கசிவு அச்சம். கீரையில் உள்ள 'கே' வைட்டமின் இம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். ஆதலால் ஒருநாள் முருங்கைக்கீரையை நிறைய உண்டு, மறுவாரம் முழுதும் விடுதல் ஆகாது. எண் நிலைபெறும் வரை அடுத்தடுத்தும், பின்னர்ச் சில வாரங்களுக்கு ஒருமுறையும் சோதனை செய்தல் வேண்டும். வெள்ளிமலையில் உள்ள முதியவர் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து திரும்புவதற்குள் ஒருநாட் கூலி போய்விடும்; துணைக்கு வரும் மகனின் கூலியும் போய்விடும். காப்பித் தோட்ட வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் செல்வோர் நிலையோ இன்னும் கடினம்.

2009-இல் ஒரு மாற்று வழி தோன்றியது. 44 நாடுகளில் 18,000-க்கு மேற்பட்டோரிடம் நிகழ்ந்த ஆய்வில், டபிகாட்ரான் என்னும் புதுமருந்து மூளைக்குருதிக்கசிவைக் குறைத்தது தெரியவந்தது. ரிவராக்சபான், அபிக்சபான் என்பனவும் பின்னர் வந்தன. இவற்றுக்கு மருத்துவர் குறித்த ஒரே அளவு, ஐ.என்.ஆர். சோதனை வேண்டா, கீரைக்கும் தடையில்லை. சிறுநீரகம் நலமாக உள்ளதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்தல் வேண்டும். தொடக்கத்தில் இவற்றின் விலை மிகுதி. காப்புரிமைக் காலம் முடிந்தபின் நம் நாட்டில் குறைந்தது.

மாறியவர் மனநிறைவு எய்தினரா என்று பல நாடுகளில் வினாத்தாள் கொண்டு கேட்டனர். மருந்தால் வரும் சுமை எவ்வளவு, நன்மை எவ்வளவு என்று அவ்வினாக்கள் இருகூறாக அமைந்தன. சுமை குறைந்தது என்றே மாறியவருட் பலர் விடை பகர்ந்தனர். இது வியப்பன்று. வாராத பக்கவாதத்தை எவர் உணர்தல் கூடும்? உணரப்படுவது பேருந்துப் பயணமும் ஊசிக்குத்தும் உணவுக் கட்டுமே. எனவே மனநிறைவு என்பது நோயாளியின் நெஞ்சைவிட அவருடைய நாட்களையே அளந்து காட்டுகின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வார்பாரினின் வலிமை சில நாள் நிற்கும். புதுமருந்தின் வலிமையோ ஏறக்குறைய ஒரு நாளில் அற்றுப்போகும். மாத்திரையை மறந்தவரைப் பழைய சோதனை காட்டிக்கொடுத்துவிடும். இப்பொழுது காட்டிக்கொடுப்பார் இல்லை. மேலும், இளமையில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த கீல்வாதக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களும் உளர். வறுமை மிக்க ஊர்களில் இந்நோய் இன்னும் நீங்கவில்லை. இத்தகைய வால்வு நோயுடையார் 4,500-க்கு மேற்பட்டோரை, இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில் ஆராய்ந்த முடிவு 2022-இல் வெளிவந்தது. வார்பாரின் வகை மருந்தை உண்டவரைவிட ரிவராக்சபான் உண்டவருள் இறந்தோர் மிகுதி என்று அது காட்டியது. மலையிறங்கும் துன்பம் எத்துணைப் பெரிதாயினும், இவர்க்குப் பழைய மருந்தே தக்கது. உலோக வால்வு பொருத்தப்பட்டவர்க்கும் அஃதே. 2023-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று, பழைய மருந்திலேயே இருந்த தளர்ந்த முதியோரைப் புதிதுக்கு மாற்றியபொழுது குருதிக்கசிவு கூடியதைக் கண்டது. ஆகவே, மருத்துவரைக் கேளாமல் தாமே மருந்தை மாற்றுதலும் நிறுத்துதலும் உயிர்க்கு இறுதி பயக்கும்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கு வந்துள்ளது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீடுதேடிச் செல்லும் வழி பிறந்தது. விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சில நிமிடங்களுக்குள் ஐ.என்.ஆர். எண்ணைக் காட்டும் சிறு கருவியும் உலகில் வழங்குகின்றது. அக்கருவி வெள்ளிமலை போன்ற ஊர்களுக்குச் செல்லுமாயின், மருந்தை மாற்ற இயலாத வால்வு நோயாளிக்கும் ஒருநாட் கூலி மிஞ்சும்.